மருதாணிக்குப் பொறுமை, அவுரிக்கு அவசரம்

நரைக்குப் பூசுகிற மருதாணிப் பொடியை முதல் நாள் இரவே கரைத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அதற்கென்றே ஒரு பழைய இரும்புச் சட்டி வைத்திருந்தார். டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்த டிகாஷனில் பொடியைக் குழைத்து, தட்டு போட்டு மூடி, அடுப்பு மேடை ஓரத்தில் வைத்துவிடுவார். காலையில் திறந்தால் மேலே கருத்திருக்கும், கரண்டியால் கிளறினால் உள்ளே இன்னும் பச்சை.

அந்தப் பழக்கத்தில், மருதாணிக்கு மேல் பூசி நரையைக் கருப்பாக்கும் அவுரி இலைப் பொடியை நான் முதன்முதலாக வாங்கியபோது அதையும் இரவே கரைத்து வைத்தேன். மறுநாள் காலை மருதாணி போட்டு அலசிய தலையில் அதைப் பூசி, 2 மணி நேரம் பொறுத்து, அலசிவிட்டுக் கண்ணாடி முன் நின்றால் நரை இருந்த இடமெல்லாம் கேரட் நிறம். அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்து விளக்கு வெளிச்சத்தில் பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடி இது, தலையில தீ பிடிச்சிருக்கு?" என்றார்.

பொடி விற்ற கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. அவுரியும் மருதாணி மாதிரி ஒரு இலைதானே என்று நினைத்தது என் தப்பு. ஊற ஊறச் சாயம் கூடுவது மருதாணி. ஊற ஊறச் சாயம் செத்துப்போவது அவுரி. இந்த ஒரு விஷயம் தெரியாமல், 'இலைச் சாயமெல்லாம் நமக்குப் பிடிக்காது' என்று கைவிட்டவர்கள் என் சொந்தக்காரர்களிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்பதைப் பார்க்க, முதலில் முடியைப் பார்க்க வேண்டும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குக் கருப்பு தருவது மெலனின். வேர்க்காலில் மெலனின் தயாரிக்கும் செல்கள் ஓய்ந்ததும், அதற்குப் பிறகு வளர்கிற முடி நிறமே இல்லாமல் வெளியே வருகிறது. அதைத்தான் நரை என்கிறோம். வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது; எதைத் தடவினாலும் அது மெலனினைத் திரும்ப உற்பத்தி செய்யப்போவதில்லை. வெளியிலிருந்து வேறொரு நிறத்தைக் கொண்டுபோய் ஒட்டவைப்பது மட்டும்தான் நம்மால் ஆகும்.

பார்லரில் போடும் நிரந்தரச் சாயம் இதை அடாவடியாகச் செய்கிறது. அதிலுள்ள அம்மோனியா முடியின் மேல்செதில்களைத் திறந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே இருக்கிற பழைய நிறத்தை வெளுக்கவைத்து, கூடவே புதுச் சாயத்தையும் அங்கேயே சமைத்துவிடும். இலைகளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இருக்கிற நிறத்தை அவற்றால் எடுக்க முடியாது, அதன் மேல் சேர்க்க மட்டும்தான் முடியும். அதனால்தான் கருமையான முடியில் மருதாணி போட்டால் வெயிலில் நின்றால் மட்டும் லேசாகச் சிவப்படிக்கிறது, அதே மருதாணி நரைத்த முடியில் பளிச்சென்று செம்பட்டையாகத் தெரிகிறது. வெள்ளைச் சுவரில் அடித்த வண்ணமும் கரிப் பிடித்த சுவரில் அடித்த வண்ணமும் போலத்தான்.

சரி, மருதாணிக்குள் என்ன இருக்கிறது? அதன் தாவரவியல் பெயர் லாசோனியா. அதிலுள்ள சாயப்பொருளுக்கு அந்தப் பெயரிலிருந்தே லாசோன் என்று பெயர் வந்தது. 100 கிராம் காய்ந்த இலையில் லாசோன் ஏறத்தாழ 1 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், நல்ல இலையென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் பச்சை இலைக்குள் அது லாசோனாகவே இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்த ஒரு முன்பொருளாகப் பதுங்கியிருக்கிறது. இலையை அரைத்துத் தண்ணீர் பட்டதும் அந்தப் பிணைப்பு மெல்ல அறுந்து லாசோன் வெளியே வருகிறது. இதற்குத்தான் ஊறல் நேரம். வெதுவெதுப்பான இடத்தில் வேகமாக நடக்கும், குளிர்ந்த இடத்தில் இரவு முழுக்க ஆகும். சித்திரை வெயிலில் 3, 4 மணி நேரம் போதும் என்பது என் அனுபவம். மார்கழியில் அம்மா சொல்கிறபடி இரவே வைத்துவிடுவதுதான் சரி. கலவை தயாரா என்று பார்க்கக் கடிகாரம் தேவையில்லை. உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆரஞ்சாகத் தடம் விழுந்தால் தயார்.

வெளியே வந்த லாசோன் கெரட்டினைப் பிடித்துக்கொண்டால் விடாது. இது ஒட்டிக்கொள்வதோடு நிற்கிற விஷயம் கிடையாது, வேதிப்பிணைப்பே உண்டாகிவிடுகிறது. கையில் போட்ட மருதாணி ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடுகிறது, ஆனால் நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டுகிற வரை போகாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தோலின் மேல்பகுதி உதிர்வதால் அதோடு சாயமும் உதிர்கிறது. நகம் உதிராது. முடியும் நகத்தின் கட்சி. தலையில் ஏறிய மருதாணி ஷாம்பூவுக்கெல்லாம் அசையாது.

இங்கேதான் நம் வீட்டு வைத்தியக் குறிப்புகளில் பாதிக்கு விடை கிடைக்கிறது. மருதாணியில் முட்டை சேர், தயிர் சேர் என்பார்கள். முடி பட்டுப்போல ஆகும் என்று காரணமும் சொல்வார்கள். லாசோனுக்குப் புரதம் என்றால் ஒரே மோகம். கெரட்டினா முட்டைப் புரதமா என்று அது பேதம் பார்ப்பதில்லை. முட்டையை உடைத்து ஊற்றினால் கிண்ணத்திலேயே கொஞ்சம் சாயம் முட்டையைப் பிடித்துக்கொள்ளும், தலைக்கு மிச்சம்தான் வரும். சாயம் வேண்டுமென்றால் முட்டையையும் தயிரையும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். தலையில் எண்ணெய் இருக்கும்போது பூசுவதும் அப்படித்தான். முந்தின நாளே சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசி, கண்டிஷனர் தடவாமல் விட்ட முடியில்தான் நன்றாகப் பிடிக்கும்.

எலுமிச்சைச் சாறு வேறு. புளிப்பு இருந்தால் வெளியே வந்த லாசோன் சீக்கிரம் கெட்டுப்போகாமல் நிற்கிறது, முடியில் ஏறிய பிறகு நிறமும் அடர்த்தியாகத் தேறுகிறது. ஆனால் ஒரு கிண்ணம் முழுக்க எலுமிச்சை பிழிந்தால் தலை வறண்டு அரிப்பு எடுக்கும். 100 கிராம் பொடிக்கு ஒரு பழம் போதும்.

அம்மாவின் இரும்புச் சட்டிக்கு வருகிறேன். 'சட்டியிலிருந்து இரும்புச் சத்து முடிக்குப் போகும்' என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. நடப்பது வேறு, அதைவிட அழகானது. டீ டிகாஷனில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் இன்னும் அதிகம். இந்தத் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கருநீலமும் கருப்புமாக ஒரு பொருள் உண்டாகும். அந்தக் காலத்தில் கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சியது இதே வித்தையால்தான். அறுத்த நெல்லிக்காயை இரும்புக் கத்தியோடு விட்டுவிட்டால் வெட்டு வாயெல்லாம் கருத்துப்போவதும் இதுதான். ஆக, சட்டியில் ஒரு இரவு கிடந்த கலவையில் லாசோனின் செம்மையோடு கொஞ்சம் மையின் கருமையும் சேர்கிறது. கேரட் நிறம் பழுப்புக்கு இறங்குகிறது. முழுக் கருப்பு வராது. இந்தக் கருமை முடியின் மேல்பரப்பில்தான் படிகிறது, நாலைந்து குளியலில் மங்கவும் செய்யும். சட்டியைப் பார்த்தாலே தெரியும்: எவ்வளவு தேய்த்தாலும் அடியில் ஒரு கருப்பு வளையம் நிற்கும். அதில் பிறகு குழம்பு வைக்க முடியாது, அதனால்தான் அம்மா தனியாக வைத்திருந்தார்.

முழுக் கருப்புக்கு இன்னொரு நிறம் வேண்டும். செம்மஞ்சளை அடக்கக்கூடியது நீலம். அதைத் தருவது அவுரி.

நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது கொஞ்சம் தெளிவாகக் கேட்க வேண்டும். அவுரி என்று சொன்னது ஆவாரை என்று காதில் விழுந்து, ஆவாரம்பூப் பொடியைக் கட்டிக்கொடுத்த கதை எனக்கே நடந்திருக்கிறது. அவுரிக்கு நீலி என்றும் பெயர் உண்டு. பாக்கெட்டில் வருவதென்றால் பெரும்பாலும் 'இண்டிகோ' என்றே அச்சடித்திருப்பார்கள். இன்னொரு விஷயம்: பேர்தான் நீலி, பொடி பச்சையாக இருக்க வேண்டும். பறித்து, நிழலில் காயவைத்து, அரைத்த இலைப்பொடிதான் தலைக்கு ஆகும். நீலமாகவே ஒரு பொடியைக் கொடுத்தால் அது துணிக்குச் சாயம் போடுவதற்கான நீலமாக இருக்கலாம், வாங்கிவராதீர்கள்.

காரணம் இதுதான். அவுரி இலையிலும் நீலம் நீலமாக இருப்பதில்லை. இண்டிகான் என்ற நிறமற்ற பொருளாக இருக்கிறது. இதுவும் சர்க்கரையோடு பிணைந்ததுதான். தண்ணீர் பட்டதும் இலையிலுள்ள ஒரு நொதி சர்க்கரையை வெட்டிவிட, இண்டாக்சில் என்ற பொருள் வெளியே வருகிறது. இதுவரை மருதாணிக் கதைதான். ஆனால் இண்டாக்சில் காத்திருக்கிற சாதி கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்ட மாத்திரத்தில் இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலமாகிவிடும். நீலமாகிவிட்டால் அதன் பிறகு தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்று முடிக்குள் நுழைய முடியாது. எனவே இண்டாக்சில் இண்டாக்சிலாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அதை முடிக்குள் அனுப்பிவிட வேண்டும். உள்ளே போன பிறகு அது நீலமாகட்டும், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கட்டும். நான் இரவே கரைத்து வைத்த கிண்ணத்தில் விடிவதற்குள் அத்தனையும் நீலமாகி முடிந்துவிட்டது. காலையில் நான் தலையில் அப்பியது வெறும் நீலச் சேறு.

கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்ததும் பச்சைப் பட்டாணியை வேகவைத்த மாதிரி ஒரு வாசம் எழும். 10 நிமிடத்தில் மேல்பரப்பில் கருநீலமாக ஒரு மெல்லிய ஏடு கட்டத் தொடங்கும். அதுதான் மணி அடிக்கிற நேரம். கையுறையை மாட்டிக்கொண்டு உடனே பூச ஆரம்பிக்க வேண்டும். போன் வந்தால் எடுக்காதீர்கள். நீளமான முடியாக இருந்தால் மொத்தப் பொடியையும் ஒரே தடவையில் கரைக்காமல், இரண்டு பங்காகப் பிரித்து ஒன்று முடிந்த பிறகு மற்றதைக் கரைப்பது நல்லது. இதில் எலுமிச்சை வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு போடுபவர்கள் உண்டு, நானும் போடுகிறேன்.

இந்த இலைக்குப் பின்னால் பெரிய சரித்திரமே கிடக்கிறது. இண்டிகோ என்ற சொல்லே 'இந்தியாவிலிருந்து வந்த பொருள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்திலும் அவுரிக்குக் குறைவில்லை. பழைய தென்னார்க்காட்டில் நிறையப் பயிரானது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத் துணியைக் கப்பலேற்றி, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் கொடுத்துக் கருவேலப் பிசினை வாங்கினார்கள். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதெல்லாம் படுத்துவிட்டது. பீகாரின் சம்பாரணில் 1917இல் அவுரி விவசாயிகளுக்காகக் காந்தி போய் நின்றது நினைவிருக்கும். அந்த அவுரிப் பிரச்சினையின் பின்னணியிலும் இந்தச் செயற்கை நீலம் இருந்தது. இன்றைக்கு திண்டிவனம் பக்கம் அவுரி மறுபடி வயலில் நிற்கிறது. இந்தத் தடவை அதற்குப் பிழைப்பு தருவது துணியைவிடத் தலைமுடிதான். மருதாணியில் பேர்போனது ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத். சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு பெயரைப் பற்றியது. சமஸ்கிருத 'நீல' அரபுக்காரர்கள் வழியாகப் போர்ச்சுகல் போய் 'அனில்' ஆனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் இந்த நீலத்தைச் சிதைத்து ஒரு எண்ணெய் மாதிரிப் பொருளை எடுத்தார்கள். அனிலிலிருந்து வந்ததால் அதற்கு அனிலின் என்று பெயர் வைத்தார்கள். அந்த அனிலினில் இன்னும் ஒரு அமினோ தொகுதியைச் சேர்த்தால் கிடைக்கும் பொருளின் பெயர் பாரா ஃபினைலின் டையமின். சுருக்கமாக பிபிடி. இன்று உலகமெங்கும் பல கருப்பு ஹேர் டைகளின் அடிப்படை இதுதான். 1909இல் பாரிஸில் எஜேன் ஷூலர் என்ற வேதியியலாளர் தலைமுடிச் சாயத்துக்காக ஒரு நிறுவனம் தொடங்கினார்; பின்னாளில் லோரியல் ஆனது அதுதான். அப்போது அதற்கு அவர் வைத்த பெயர், தமிழில் சொன்னால், 'தீங்கற்ற தலைமுடிச் சாயங்களின் பிரெஞ்சு நிறுவனம்'. அன்றைக்கே வாங்குபவர்களின் பயம் என்னவாக இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

பயத்தில் நியாயம் உண்டு. பிபிடி எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். ஆனால் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது கொடுக்கும் பாடு சாதாரணமானது இல்லை: காது மடல் தடித்து, நெற்றி வீங்கி, கண் மூடிக்கொள்ளும். அமெரிக்காவின் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006இல் இதைத்தான் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று தேர்ந்தெடுத்தது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று உடம்பு எதிர்க்கத் தொடங்கும், அப்புறம் ஆயுசுக்கும் அந்த எதிர்ப்பு போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் பூசும் நிலையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இலைச் சாயம் பற்றிய கட்டுரையில் இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. கடையில் 'கருப்பு மருதாணி', 'ஹெர்பல் ஹென்னா' என்று இலைப் படம் போட்டு விற்கும் பாக்கெட்டுகளில் பலவற்றில் கருப்பைத் தருவது இலை இல்லை, பிபிடிதான். என் சித்தி ஒருத்தி இப்படி ஒரு பாக்கெட்டை நம்பி 'இது வெறும் மூலிகைதான்' என்று போட்டுக்கொண்டு, மறுநாள் ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் தோல் டாக்டரிடம் போனார். பாக்கெட்டின் பின்பக்கத்தில், நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி, செம்பருத்தி எல்லாம் வரிசையாக வந்த பிறகு, கடைசிக்கு முந்தின வார்த்தையாக அது இருந்தது. எழுத்து அவ்வளவு சிறியது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம்.

எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். நான் மேலே சொன்ன வேதியியல் முழுவதையும் மறந்தாலும் இது ஒன்று போதும். மருதாணி தனியாகக் கருப்பு தராது, தரவே முடியாது. அதன் நிறம் செம்மஞ்சள். மருதாணியும் அவுரியும் சேர்ந்து தருகிற கருப்புக்கு அரை நாள் பிடிக்கும். 20, 30 நிமிடத்தில் நரை முழுக்க கன்னங்கரேல் என்று ஆகிறது என்றால் அந்தப் பொடியில் இலை இருக்கலாம், ஆனால் வேலை செய்வது வேறொன்று. கல்யாணத்தில் கைக்கு வைக்கும் 'கருப்பு மெஹந்தி' கோன்களிலும் இதே பொருள் சேர்வதுண்டு. சிறு வயதில் அதைக் கையில் வைத்து உடம்பு எதிர்க்கப் பழகிக்கொண்ட பிள்ளைகளுக்கு, பிற்பாடு நாற்பது வயதில் முதல் ஹேர் டை போடும்போது அந்த எதிர்ப்பு கிளம்பலாம். சிவப்புக்காக சோடியம் பிக்ரமேட் என்ற செயற்கைச் சாயம் சேர்த்த மருதாணிப் பொடிகளும் சந்தையில் உண்டு. பழைய இலைப்பொடி புதிதுபோலத் தெரியப் பச்சைச் சாயம் கலப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு சிட்டிகை தூவினால், கலந்த சாயம் பச்சையாக நூல் நூலாக இறங்குவது தெரியும்.

நல்ல பொடி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தோள் வரை நீளமுள்ள முடிக்கு 100 கிராம் மருதாணி, 100 கிராம் அவுரி. வேர்ப்பகுதிக்கு மட்டும் என்றால் பாதி போதும். இரண்டு நாளைக்கு முன்பே இரண்டையும் ஒரு துளி கரைத்து முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இலையும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும் என்பதால், கைக்குழந்தைக்கு உள்ளங்காலில் வைக்கும் வழக்கத்தைக்கூட விட்டுவிடுவது நல்லது.

மருதாணி ஊறியதும், தயிர் பதத்துக்கு இளக்கி, முடியை வகுந்து வகுந்து வேரிலிருந்து பூச வேண்டும். காதோரமும் நெற்றியோரமும்தான் நரை அதிகம், அங்கேதான் அவசரத்தில் குறைவாகப் பூசுவோம். முதலில் அங்கே ஆரம்பியுங்கள். நெற்றியிலும் காதிலும் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் தோலில் கறை ஏறாது. பிளாஸ்டிக் உறை மாட்டி, 2 முதல் 3 மணி நேரம். காய்ந்தால் சாயம் ஏறுவது நின்றுவிடும், அதனால்தான் உறை. சளி பிடிக்கிற உடம்பென்றால் காலையில் வெயில் ஏறிய பிறகு போடுவது உத்தமம். பிறகு வெறும் தண்ணீரில் அலசி, தலையைத் துவட்டி, அவுரியைக் கரைத்து உடனே பூசி, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். மறுபடி வெறும் தண்ணீர்.

இப்போது கண்ணாடியைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அலசியதும் ஒருவிதப் பச்சை கலந்த பழுப்பாகத் தெரியும். முடிக்குள் போன இண்டாக்சில் முழுக்க நீலமாகி முடிய ஒன்றிரண்டு நாள் ஆகும், அடியில் இருக்கிற மருதாணியும் அதே நாட்களில் கருஞ்சிவப்புக்கு இறங்கும். அதுவரை ஷாம்பூ போடாமல் இருக்க வேண்டும். எங்காவது விசேஷம் என்றால் மூன்று நாள் முன்பே போட்டுவிடுங்கள், பெரியம்மாக்களிடமிருந்து தப்பிக்கலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே தடவையில் போட்டால் கருப்பு வராது, பழுப்பு வரும். பலருக்கு அதுதான் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது. ஒன்றாகக் கலக்கும்போதும் மருதாணி ஊறிய பிறகு கடைசி நிமிடத்தில்தான் அவுரியைச் சேர்க்க வேண்டும், என்னைப் போல இரவே சேர்க்கக் கூடாது. அவுரியை மட்டும் நேரே நரையில் போட்டால்? நீலமும் பச்சையுமாக ஒரு சாயல். வேண்டாம்.

மற்ற இலை, பூ, பட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. கரிசலாங்கண்ணிச் சாறு கையில் பட்டால் கருக்கும் என்பது உண்மை. அந்தக் கருப்பு நரையில் நிலைப்பதை நான் பார்த்ததில்லை. அந்தச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி விளக்கேற்றிக் கண்மை எடுப்பார்கள். அங்கேகூடக் கருப்பைத் தருவது விளக்குக் கரிதான். நீலிபிருங்காதி தைலத்தின் பெயரிலேயே அவுரியும் கரிசலாங்கண்ணியும் இருக்கின்றன. தலைக்குக் குளிர்ச்சியான நல்ல எண்ணெய். ஆனால் எண்ணெயில் காய்ச்சும்போது தண்ணீரெல்லாம் சுண்டி, நொதியும் வெந்துவிடுவதால் சாயம் ஏற வழியே இல்லை. எண்ணெய்க்கு ரத்தச் சிவப்பைக் கொடுக்கும் வேம்பாளம்பட்டையும் தலையணை உறைக்குத்தான் நிறம் கொடுக்கும். பீட்ரூட், செம்பருத்தியின் நிறங்கள் தண்ணீரில் கரைபவை, அடுத்த குளியலில் போய்விடும். வால்நட்டின் பச்சைத் தோல் மட்டும் விதிவிலக்கு. அதிலுள்ள ஜக்லோன் என்ற பொருள் லாசோனுக்குக் கூடப்பிறந்த தங்கை மாதிரி. கறை ஏற்றும், கூடவே தோலையும் எரிக்கும். அது காஷ்மீர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் சரக்கு, நமக்குக் கிடைப்பது காய்ந்த பருப்புதான்.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. ஐந்தாறு வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு வந்துவிடும். அப்போது வேர்ப்பகுதிக்கு மட்டும் போட்டால் போதும், நுனி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் போட்டால் அவுரி அடுக்கடுக்காகச் சேர்ந்து நுனி மட்டும் கரி மாதிரி ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போய்விடுகிறது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. குளியலறைத் தரையில் டைல்ஸ் இடுக்குகள் நீலமாகின்றன, துண்டு ஒன்று பலியாகிறது. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பழைய நைட்டி இருக்கிறது. அதன் காலர் இப்போது எந்த நிறம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மனம் மாறி, ஒரு நாள் பார்லரில் போய் முடியை வெளிர் பழுப்பாக்கிக்கொள்ளலாம் என்று தோன்றினால், நாற்காலியில் உட்காரும் முன்பே அவர்களிடம் அவுரி போட்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். ப்ளீச் பட்டதும் மருதாணிச் செம்மையும் மெலனினும் வெளுத்துப்போகும். உள்ளே கிடக்கும் நீலம் அவ்வளவு சுலபத்தில் போகாது. மிஞ்சுவது பாசி நிறம். அது முடியோடு வளர்ந்து, வெட்டித்தான் போகும்.